கிழவனின் மூச்சு

என் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் ரொட்டிக்கடை அம்ப்ரோஸ். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அப்போது அவர் கடைக்குள் மண்டியிட்டு, அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டுச் சாம்பலைத் துழாவிக்கொண்டிருந்தேன். கையில் சிவப்புத் துணிப்பட்டை, தோளில் கொம்பு, பக்கத்தில் தண்ணீர் வாளி. எங்கள் ரீட்மாட் ஊரில் காற்றுக்காவல் என்றால் இவ்வளவுதான் சீருடை. சாம்பல் சில்லென்றிருந்தது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அம்ப்ரோஸ்தான் ஊர்ச்சபைத் தலைவரும். அவரிடம் ஒரு கங்கு அகப்பட்டிருந்தால் எனக்கு அந்த வசந்தம் முழுவதும் இனித்திருக்கும்.

"ஈஸ்டருக்கு மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன் ஒத்திலியா. இந்தக் கிழவன் இன்னும் ஒரு நாள் இருந்தான்னா மொத்த ஊருக்கும் புளிச்ச மாவுதான் பண்டிகை."

"அதைக் கிழவன்கிட்ட சொல்லுங்க அண்ணே. என்கிட்ட சொல்லி என்ன?"

"சொல்லலாம்தான். ஆனா அவன் உங்க வீட்டுக்கு மட்டும் தனிச் சலுகை குடுத்திருக்கான் போல. கொஞ்சம் வெளிய வந்து உங்க கூரையைப் பாரு, காவக்காரி."

தெற்கே முகட்டைத் தாண்டி எங்கள் பள்ளத்தாக்கில் விழுகிற சூடான காற்றுக்கு மற்ற ஊர்களில் வேறு பெயர் இருக்கலாம். எங்களுக்கு அவன் கிழவன். இங்கே முதலில் குடியேறியவன் அவன்தான், நாமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்பது ஊரின் எண்ணம். இலையுதிர் காலத்திலும் வருவான், ஆனால் குளிர்காலத்தைத் துரத்த வரும்போது அவனுக்கு இருக்கிற ஆவேசம் தனி. முந்தின நாள் மத்தியானம் முகட்டின் மேல் வெள்ளை மேகம் சுவர் எழுப்பியதுபோல் எழுந்து நின்றது. நின்றதே தவிர எங்கள் பக்கம் இறங்கவில்லை. காற்று மட்டும் இறங்கியது. முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடந்த மேய்ச்சல் நிலம் ஒரே இரவில் பழுப்பாகிவிட்டது. பாதிப் பனி உருகி ஓடியது, மீதியைக் காற்று அப்படியே தின்றுவிட்டது. எப்போதும் தூரத்தில் நீலமாக நிற்கும் எதிர்மலை, ஜன்னலிலிருந்து கை நீட்டினால் பாறையைத் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. அதன் சரிவுகளில் பனி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிற முழக்கம் நிற்கவே இல்லை. தொழுவங்களில் மாடுகள் காரணமில்லாமல் கத்தின. நான் இதே பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள். இத்தனை வசந்தம் பார்த்தும் எனக்கு இது பழகவில்லை. ஒவ்வொரு முறையும் கைவேலையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். பயமா, ஆனந்தமா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கிழவன் ஊரில் இருக்கும்வரை எந்த வீட்டிலும் நெருப்பு கூடாது. அடுப்பு, கணப்பு, வாயில் வைக்கிற புகைக்குழாய், மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. மாதா கோயில் பீடத்து விளக்கைக்கூடப் பாதிரியார் தன் வாயாலேயே ஊதி அணைத்துவிடுவார். எங்கள் வீடுகள் எல்லாம் மரம், கூரை மரச்சில்லு, ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். என் மாமனாரின் தாத்தா காலத்தில் ஒருத்தி இப்படிப்பட்ட ஒரு நாளில் காபிக்குத் தண்ணீர் வைத்தாளாம். தண்ணீர் கொதித்ததா என்று யாருக்கும் தெரியாது. மாலைக்குள் ஊரே இல்லை. அன்றிலிருந்து வருஷாவருஷம் சீட்டுப் போட்டு ஒரு வீட்டுக்குக் காவலைக் கொடுக்கிறார்கள். இந்த வருஷம் சீட்டு என் புருஷன் காஸ்பர் பெயருக்கு விழுந்தது. அவனோ, மேல்மேட்டிலிருந்து சறுக்குவண்டியில் வைக்கோல் இறக்கும்போது வண்டியைத் தன் கால் மேலேயே ஏற்றிக்கொண்டு, மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவனுக்குப் பதில் நான் வருகிறேன் என்று சபையில் போய்ச் சொன்னபோது ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளை ஊதினால் கொம்பில் சத்தம் வருமா என்று அம்ப்ரோஸ் கேட்டார். அந்த அறைக்குள்ளேயே ஊதிக் காட்டினேன். அவர் வாயிலிருந்த புகைக்குழாய் கீழே விழுந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

அப்படி வாங்கிய காவல். இப்போது வெளியே வந்து பார்த்தால், ஊரில் உள்ள எல்லாப் புகைபோக்கிகளும் வாயை மூடிக்கொண்டிருக்க, என் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து மட்டும் புகை கிளம்பிப் படுக்கைவாட்டில் வடக்கே பறந்துகொண்டிருந்தது. எனக்குக் காது மடல்வரை சூடேறியது.

வீடு என்றேனே, அதில் பாதிதான் எங்களுடையது. காஸ்பரும் அவன் தம்பி மெல்ஷியோரும் பிறந்த வீடு அது. குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் இரண்டு பெயரை வைத்ததோடு என் மாமியாருக்குப் போதும் என்று ஆகிவிட்டது, மூன்றாவது பிறக்கவில்லை. அப்பா போன பிறகு அண்ணன் தம்பி நடுவில் பலகைத் தடுப்பு அடித்துப் பிரித்துக்கொண்டார்கள். தெற்குப் பாதி எங்களுக்கு, வடக்குப் பாதி மெல்ஷியோருக்கும் அவன் மனைவி பால்பினாவுக்கும். கல்லாலும் ஓட்டாலும் கட்டிய பெரிய கணப்பு மட்டும் பிரியவில்லை. அது தடுப்பின் நடுவே புகுந்து, வயிறு எங்கள் பக்கமும் முதுகு அவர்கள் பக்கமுமாக உட்கார்ந்திருந்தது. நெருப்பு மூட்டும் வாய் பால்பினாவின் சமையலறையில். வெயில் எங்களுக்கு, நெருப்பு அவர்களுக்கு என்று பங்கு. விறகில் பாதி நாங்கள் கொடுக்க வேண்டும். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அந்த விறகைப் பற்றி ஏதோ வாய் வார்த்தை வளர்ந்து, பால்பினா சொன்னாள்: "உங்க பக்கத்துக்கு அவ்வளவு சூடு எதுக்கு? யாரு தவழுறா அங்க?" எனக்குப் பிள்ளை இல்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விறகை மட்டும் வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஆகவே தெருவில் நடக்கும்போது என் மனதில் என்ன ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. என்னை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கத்தான் இவள் மூட்டியிருக்கிறாள். மெல்ஷியோர் கீழ்ப் பள்ளத்தாக்கில் அணை வேலைக்குப் போயிருக்கிறான், தட்டிக் கேட்க ஆளில்லை என்ற திமிர். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது, நானும் அதே வேகத்தில் போனேன். மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் முகங்கள். எனக்குப் பின்னால் அம்ப்ரோஸும் இன்னும் இரண்டு மூன்று பேரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

சமையலறையில் யாரும் இல்லை. கணப்பின் வாய்க்குள் காய்ந்த விறகு சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது. மூட்டி அதிக நேரம் ஆகியிருக்காது. வாளியை ஓங்கினேன். அப்போதுதான் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கண்ணில் பட்டது. அது சமையலறையிலிருந்து உள்ளறைக்குப் போனது.

உள்ளே பால்பினா கணப்பில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கணப்பில் ஆப்பிள் காயவைக்க ஒரு மாடம் உண்டு. ஒரு கை அந்த மாடத்துக்குள் இருந்தது. அதில் கம்பளிச் சட்டை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. குனிந்து பார்த்தேன். சட்டைக்குள் ஒரு முகம். என் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. இன்னும் இரண்டு மாதம் கழித்து, புல்லறுப்பு தொடங்கும்போது பிறக்க வேண்டிய பிள்ளை. விடியும்போது வலி வந்திருக்கிறது. தடுப்பைத் தட்டியிருக்கிறாள். நான் காவலுக்குப் போய்விட்டேன், காஸ்பருக்குக் காற்றின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தனியாகப் பெற்று, தனியாகவே நூல் கட்டி அறுத்து, தனியாகவே எழுந்துபோய் நெருப்பு மூட்டியிருக்கிறாள்.

"பொண்ணு," என்றாள். "மூச்சு இருக்கு. சூடு போதல. உன் புருஷனையே இந்த மாடத்துல வெச்சுத்தானே காப்பாத்தினாங்க?"

அது உண்மை. காஸ்பரும் குறைமாதப் பிள்ளை. ஒரு மாதம் ஆப்பிளோடு ஆப்பிளாக அந்த மாடத்தில் கிடந்து தேறியவன். ஆனால் அது மார்கழிக் குளிரில், இரவும் பகலும் எரிந்த கணப்பில். இது முந்தின நாள் மத்தியானமே அணைந்த கணப்பு. ஓட்டில் கை வைத்துப் பார்த்தேன். கல் இன்னும் செத்துத்தான் கிடந்தது. இந்த உருப்படி சூடேற அரை நாள் ஆகும். மருத்துவச்சி இருப்பது கீழ் ஊரில். பாதையை நேற்றே பனிச்சரிவு மூடிவிட்டது, தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டது. அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் எல்லா வீடுகளும் இதேபோல் குளிர்ந்துதான் கிடந்தன.

வெளியிலிருந்து யாரோ அலறினார்கள். "பொறி பறக்குது! பக்கத்து வீட்டுக் கூரையில விழுது! அணைங்க!"

பால்பினா என்னைப் பார்த்தாள். நான் கையில் வாளியோடு நின்றேன். ஒரு பக்கம் அந்த மாடம். இன்னொரு பக்கம் மொத்த ஊரும், அதிலுள்ள அத்தனை மாடங்களும் தொட்டில்களும் தொழுவங்களும். கணக்குப் போட்டால் விடை ஒன்றுதான். அதைப் போடும் கை என்னுடையதாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. நான் சமையலறைக்குப் போனேன். தண்ணீரை ஊற்றினேன். சீறிக்கொண்டு சாம்பல் முகத்தில் அடித்தது. வாளியை நிரப்பிவந்து இன்னொரு முறை ஊற்றினேன். பாதி எரிந்த கட்டைகளை இரும்புக் கரண்டியால் வாரி வாளியில் போட்டேன்.

"கொலைகாரி," என்றாள் பால்பினா. கத்தவில்லை, அவளுக்குக் கத்தத் தெம்பில்லை. "உனக்கு இல்லேன்னு எனக்கும் இருக்கக் கூடாதா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

காற்று என்னை அறைந்தது. முழங்கைவரை நனைந்திருந்த என் கைகள் குழாயடிக்குப் போவதற்குள் காய்ந்துவிட்டன. கட்டைகளைத் தொட்டித் தண்ணீரில் கொட்டிவிட்டு விளிம்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல் வெதுவெதுப்பாக இருந்தது. நேற்றுவரை பனிக்கட்டி பிடித்திருந்த கல். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பின் வாயில் முகத்தைக் காட்டினால் வருமே, அப்படியொரு சூடு தெற்கேயிருந்து வந்துகொண்டே இருந்தது. குறையவில்லை, தீரவில்லை. மலைகளுக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை பூக்கும் என்பார்கள். அங்கே கிளம்பி, மேகச் சுவரையும் பனி முகடுகளையும் தாண்டி, எங்கள் தலைமேல் இவ்வளவு சூட்டையும் கொண்டுவந்து கொட்டுகிறான் இந்தக் கிழவன். நாங்களோ கதவு ஜன்னல்களை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே ஐந்து மாதக் குளிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டில் கிழவன் வரும்போது ஜன்னல் இடுக்குகளில் கந்தல் அடைப்பார்கள். ஞானஸ்நானம் ஆகும்வரை அவன் மூச்சு பிள்ளைமேல் படக்கூடாது. பட்டால் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். படித்த பாதிரியார்கூட இதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன், அப்போதும் நம்பினேன். தொட்டிக்கரையில் நின்றபோது எனக்கு அறிவு வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பயந்துகொண்டேதான் உள்ளே ஓடினேன். வாசலைத் தாண்டியதும் நிலவறைக்குள் இறங்கியதுபோல் குளிர் காலைப் பிடித்தது.

நேரே எங்கள் பக்கம் போனேன். காஸ்பர் கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகோலால் தரையை இடித்துக்கொண்டிருந்தான். "என்ன நடக்குது அங்க? யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

"உன் தம்பிக்குப் பொண்ணு பிறந்திருக்கு. சாகப்போகுது. இந்தத் தடுப்பை உடை."

"என்னது?"

"பலகையை உடைன்னு சொல்றேன். கால்தானே போச்சு, கை இருக்கில்ல?"

நான் தெற்கு ஜன்னல்களின் கொக்கிகளை எடுத்துவிட்டேன். கதவுகள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதின. கிழவன் எங்கள் அறைக்குள் வந்துவிட்டான். மேஜைவிரிப்பு பறந்தது, சுவரிலிருந்த சிலுவை ஆணியில் சுழன்றது, கதவுக்கு மேலே தீயிலிருந்து காக்க வைத்திருந்த புனித அகதாவின் ரொட்டி கீழே விழுந்து உருண்டது. காஸ்பர் ஏசுவையும் மரியாவையும் கூப்பிட்டான். ஆனால் கேள்வி கேட்கவில்லை. அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டுபோய் ஊன்றுகோலின் இரும்பு முனையைப் பலகை இடுக்கில் நுழைத்து நெம்பினான். அவனே அடித்த ஆணிகள். முதல் பலகை வர மறுத்தது. இரண்டாவது, மூன்றாவது தானாகக் கழன்றன.

அந்தப் பக்கம் பால்பினாவின் முகம் தெரிந்தது. பலகை உடைகிற சத்தத்தில் பிள்ளையை மாடத்திலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"மூடு! மூடு அதை! அவன் மூச்சு படுது!"

"படட்டும்."

"கூட்டிட்டுப் போயிடுவான் அக்கா!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த அக்கா. அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. இடுக்கு வழியாகப் புகுந்து அவள் பக்கம் போனேன். வடக்கு ஜன்னலில் அடைத்திருந்த கந்தல்களைப் பிடுங்கிவிட்டுக் கதவை ஒரு கை அளவு திறந்து கயிற்றால் கட்டினேன். உடனே வீடு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. எங்கள் அறையில் அடித்த காற்று இங்கே அடிக்கவில்லை. பலகை இடைவெளியில் நுழைந்து, கணப்பைச் சுற்றிக்கொண்டு, தரையோடு தவழ்ந்து வந்தது. சாம்பல் வாசனையும் ஈர மண் வாசனையும், எனக்குப் பெயர் தெரியாத ஏதோ பூவின் வாசனையும் அதில் இருந்தன. பால்பினாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த முடி மெல்ல அசைந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டு செபம் சொல்ல ஆரம்பித்தாள்.

அம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அணைந்த கணப்பைப் பார்த்தார், உடைந்த தடுப்பைப் பார்த்தார், பிறகு கம்பளிக்குள் இருந்ததைப் பார்த்தார். நான் கைப்பட்டையையும் கொம்பையும் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"நான் இங்கயிருந்து நகர முடியாது. நீங்க சுத்துங்க அண்ணே. மேலத்தெருவுல ஒரு வீட்டையும் விடாதீங்க."

"நானா?"

"ஆம்பளை ஊதினா சத்தம் வரும்னு நினைக்கிறேன்."

வாங்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் முழுவதும் ஊர்ச்சபைத் தலைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பால்பினா படுக்கையில் சாய்ந்தவள் கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்தாள். ரத்தம் போன உடம்பு, அதில் கொடுக்கச் சூடு இல்லை. அவளுக்கு இரண்டு வீட்டுப் போர்வைகளையும் போர்த்திவிட்டு, பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி என் வெற்று நெஞ்சின்மேல் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, அவள் முதுகு பலகை இடைவெளியின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து காற்றின் சூடு, முன்னால் நான், நடுவில் அவள். ஒரு குருவியைப் பிடித்தால் கையில் எவ்வளவு கனம் இருக்கும்? அவ்வளவுதான் இருந்தாள். அவள் பாதம் என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. நகங்கள்கூட இருந்தன. இவ்வளவு அவசரமாகக் கிளம்பி வந்தவள் நகத்தை மறக்காமல் எடுத்துவந்திருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூச்சு வருகிறதா என்று காதால் தெரிந்துகொள்ள வழியில்லை. கிழவன் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அழுகிறாளா என்றும் தெரியாது. வாய் சில சமயம் திறந்தது, சத்தம் இருந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். என் உதட்டை அவள் மூக்கருகே வைத்துத்தான் பார்த்தேன். வரும். நிற்கும். என் உயிரும் கூடவே நிற்கும். பிறகு வரும். எதிர்மலையில் ஒரு சரிவு முழுதாகப் பெயர்ந்து, வெள்ளைத் தூளாக எழும்பி, அதன் முழக்கம் தரை வழியாக வந்து என் இடுப்பெலும்பில் அதிர்ந்தது. அதே நேரத்தில் என் உதட்டில் ஒரு நூல் அளவு மூச்சு. இரண்டையும் அனுப்புவது ஒரே ஆளா என்று தோன்றியது. ஒரு காபிக் கெட்டிலிலிருந்து ஊரையே எரித்தவன், மலையின் தோலை உரிப்பவன், இங்கே வந்து இந்தப் பிள்ளையின் காதுமடலில் இருந்த மெல்லிய முடியைக் கலைக்காமல் தடவிவிட்டுப் போகிறான். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை. அவ்வளவு பெரிய ஒன்றின் மடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நடுக்கத்தில்.

பால்பினா கண் திறந்து பார்த்தாள். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"கையை எடுத்துடாத அக்கா."

"எடுக்க மாட்டேன். நீ தூங்கு."

கிழவன் வந்தால் எப்போது போவான் என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். பிறந்ததிலிருந்து அதைத்தான் வேண்டியிருக்கிறேன். அன்று வாழ்க்கையில் முதல்முறையாக, போகாதே என்று வேண்டினேன். அவன் போனால் பின்னாலேயே மழை வரும், மழைக்குப் பின்னால் குளிர் வரும், எங்கள் ஏப்ரலில் அது தப்பாது. நெருப்பு மூட்டலாம்தான். ஆனால் அந்தக் கல் சூடேறும்வரை? காஸ்பர் என் மனதைப் படித்தவன்போல் அணைந்த கணப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஈரச் சாம்பலை வாரி வெளியே போட்டு, உடைத்த தடுப்புப் பலகைகளையே சிராய் சிராயாகப் பிளந்து உள்ளே அடுக்கினான். அதைவிடக் காய்ந்த மரம் அந்த வீட்டில் இல்லை. தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, கணப்பின் வாய்க்கு முன்னால் காவல் நாய்போல் உட்கார்ந்துகொண்டான்.

"கொம்பு ஊதாம மூட்டிடாத," என்றேன்.

"நான் காவக்காரி புருஷன். எனக்குத் தெரியாதா?"

வெயில் எதிர்மலையின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது முகட்டின் மேலிருந்த மேகச் சுவர் பிய்ந்து, அதன் நுனிகள் எங்கள் பக்கம் வழியத் தொடங்கின. காற்று ஒருமுறை நின்றது. திரும்பவும் வந்து, கூரைச் சில்லு பறக்காமலிருக்க மேலே வைத்த கல் ஒன்றை உருட்டியது. மறுபடி நின்றது. ஜன்னல் கதவு ஒன்று கிரீச்சென்று தானாகத் திரும்பி வந்து சட்டத்தில் தட்டியது. அவ்வளவுதான். கிழவன் போய்விட்டான்.

இரண்டு நாள் ஓயாமல் கத்தியவன் போன பிறகு வருகிற நிசப்தம் இருக்கிறதே, அதில் யாருக்கும் முதலில் பேசத் தோன்றாது. தண்ணீர் ஓடுவது கேட்டது. மலையெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு நேரமும் ஓடியிருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. வீடு வெதுவெதுப்பாக இருந்தது. கணப்பில் கை வைத்துப் பார்த்தேன். ஓடும் வெதுவெதுப்பாக இருந்தது. வடக்கு ஜன்னல் இடுக்கு வழியாக முற்றம் தெரிந்தது. மேலத்தெரு, கீழத்தெரு என்று பாதி ஊர் அங்கே நின்றிருந்தது. எப்போது வந்தார்களோ, தெரியாது. பெண்கள் கைகளில் கம்பளிகளும் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கச் சூடாக்கப்போகிற செங்கற்களும் இருந்தன. நடுவில் அம்ப்ரோஸ், கையில் என் சிவப்புப் பட்டை. மேகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நெருப்பு மூட்டலாம் என்று ஊருக்கு அறிவிக்கக் கொம்பை எடுத்து உதட்டில் வைத்தார். காஸ்பர் தீக்குச்சியைப் பெட்டியின் உரசுபட்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

என் நெஞ்சின்மேல் ஏதோ அசைந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. கதவு கீலுக்கு எண்ணெய் போடாவிட்டால் வருமே, அப்படி, அதைவிட மெல்லியதாக. ஒருமுறை. கொஞ்சம் விட்டு, கோபமாக, இன்னொரு முறை. பால்பினா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். எல்லாத் தலைகளும் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பின.

"ஊதுங்கய்யா!" என்றான் காஸ்பர் பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் மழைத்துளிகள் அம்ப்ரோஸின் தொப்பி விளிம்பில் விழுந்தன. கொம்பு அவர் உதட்டிலேயே இருந்தது. கன்னம் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, ஊதாமல், கேட்டுக்கொண்டே நின்றார்.